ஒற்றைக் காலில் நின்ற கதை

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீஸில் ஆணி அதிகம். அது போதாது என்று நோய்டா குளிர் வேறு. விரல் விறைத்து, நாலு வரி அடிப்பதற்குள் எதை எழுத வந்தோம் என்பதே மறந்து போகிறது. ஆனாலும் இந்த விஷயத்தை எழுதாமல் விட மனசில்லை. பனிச்சறுக்கைப் பற்றிய பதிவு இது. மாயவரத்துக்காரனுக்கும் பனிச்சறுக்குக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

என் பெண்ணுக்குப் பத்து வயது. போன வருடத்திலிருந்து ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனியில், அவளைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. தங்கமணி ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். நான் கையில் டீயோடு சிமெண்ட் தளத்தின் ஓரத்தில் நின்று பல் கிட்டிக்கொண்டிருப்பேன்.

டிசம்பரில் ஒரு போட்டி வைத்தார்கள். எட்டுப் பேர் ஓடியதில் இவள் எட்டாவது. காரில் ஏறியதும் அழுகை. "அப்பா, நான்தானே எல்லாரையும் விட நிறைய வாட்டி மிதிச்சேன்? அவங்க கொஞ்சமா மிதிச்சுட்டு எப்படி முன்னாடி போறாங்க?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அவள் கோச்சிடமே கேட்டேன். அவர் உத்தராகண்டில் ஜோஷிமட் பக்கத்துக்காரர். பக்கத்திலேயே அவுலி மலைச்சரிவு இருப்பதால் சின்ன வயதில் ஸ்கீ பழகியவர். "ஏக் பைர் பே ருக்கோ" என்று வகுப்பு முழுக்கக் கத்துவது அவர் வழக்கம். ஒரு காலில் நில் என்று அர்த்தம். என் கேள்விக்குப் பதிலாகத் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைப் பனிக்காட்டில் இரண்டு கைகளிலும் கோல் பிடித்தபடி, கால்களை 'வி' வடிவத்தில் விரித்து விரித்துத் தள்ளி ஒருவர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கிராஸ் கன்ட்ரி ஸ்கேட் ஸ்கீயிங். "அதே ஸ்டெப்தான் சார். உங்க பொண்ணு பண்ற அதே தப்பைத்தான் அங்கயும் எல்லாரும் பண்ணுவாங்க."

அன்றிரவு ஆரம்பித்த தேடல், ஒரு மாதமாக விடவில்லை.

*

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்பது மலை உச்சியிலிருந்து சர்ரென்று கீழே இறங்கும் வகை இல்லை. மேடு, பள்ளம், சமதளம் என்று பனிமேல் கிலோமீட்டர் கணக்கில் சொந்தக் காலால் போவது. ஸ்காண்டிநேவியாவில் ஆயிரக்கணக்கான வருடங்களாக இது விளையாட்டே இல்லை. குளிர்காலத்தில் பக்கத்து ஊருக்குப் போகும் வழி.

பழைய முறை, அதாவது இன்று 'கிளாசிக்' என்று சொல்வது, கிட்டத்தட்ட நம் நடைதான். பனியில் இரண்டு இணைக்கோடுகள் பள்ளமாகப் பதிந்திருக்கும். இரண்டு ஸ்கீயும் அதற்குள் நேராக ஓடும். இடது கால், வலது கை, வலது கால், இடது கை என்று மாறி மாறிப் போக வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னால் உதைத்து முன்னே போக வேண்டுமானால் உதைக்கிற ஸ்கீக்குப் பனியில் பிடிமானம் வேண்டும். அதற்காக ஸ்கீயின் நடுப்பகுதியில் ஒட்டுகிற மாதிரி ஒரு மெழுகு தடவுவார்கள். பிடிப்பு கிடைக்க ஸ்கீ கண நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். பிடிமானம் வேண்டுமென்றால் நிற்க வேண்டும், நின்றால் வேகம் போகும். ஒவ்வொரு அடியிலும் இந்த வட்டி கட்டியாக வேண்டும்.

ஸ்கேட்டிங் முறையில் அந்த வட்டி கிடையாது. ஸ்கீயைச் சாய்கோணத்தில் வெளிப்பக்கமாக வைத்து, அதன் உள்விளிம்பால் பனியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தள்ளும்போதும் ஸ்கீ வழுக்கிக்கொண்டே முன்னால் போகும், நிற்கவே நிற்காது. ஒட்டும் மெழுகு தேவையில்லை. முழு நீளத்துக்கும் வழுக்கும் மெழுகே போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சுலபமா? அப்படியானால் இத்தனை ஆயிரம் வருடம் ஏன் யாரும் செய்யவில்லை?

செய்தார்கள். வளைவில் திரும்பும்போதும், உறைந்த ஏரியைக் கடக்கும்போதும் ரெண்டு அடி அப்படித் தள்ளுவது பழைய பழக்கம்தான். ஆனால் முழுப் பந்தயத்தையும் அப்படி ஓட வழியில்லை. பாதை குறுகல், ஓரத்துப் பனி பொலபொலவென்று இருக்கும். மர ஸ்கீ கனமானது, நீளமானது. விரித்துத் தள்ளினால் ஸ்கீ பனிக்குள் புதையும்.

பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. பாதையைப் பெரிய இயந்திரங்கள் அழுத்திக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தன. அடுத்தது ஸ்கீயே மாறியது. 1974-ல் ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தாமஸ் மேக்னுசன் என்ற ஸ்வீடன்காரர் ஃபைபர்கிளாஸ் ஸ்கீயில் 30 கி.மீ. தங்கம் வென்றார். சில வருடங்களில் மர ஸ்கீ பந்தயங்களிலிருந்து மறைந்தே போனது. கெட்டியான அகலப் பாதையும் லேசான ஸ்கீயும் வந்த பிறகு, பழைய ஏரிக்கரை அடிக்கு மவுசு வந்துவிட்டது.

*

அந்த அடியைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபின்லாந்தின் பௌலி சீட்டோனன். 1973-ல் ஸ்வீடனின் 90 கி.மீ. வாசலோப்பெட் பந்தயத்தை வென்ற நெடுந்தூர வீரர். எழுபதுகளின் நெடும் பந்தயங்களில் அவர் ஒரு ஸ்கீயைப் பள்ளக்கோட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் வெளியே எடுத்துப் பக்கவாட்டில் தள்ளினார். இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றுவது, ஒரு காலால் தள்ளுவது, அவ்வளவுதான். 'சீட்டோனன் அடி' என்றும் 'மாரத்தான் ஸ்கேட்' என்றும் பெயர் வந்தது.

அதைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்காரரான பில் கோக். (நாம் குடிக்கிற கோக் மாதிரியேதான் உச்சரிக்க வேண்டுமாம்.) 1976 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் 20 வயதில் 30 கி.மீ. போட்டியில் வெள்ளி வாங்கி எல்லோரையும் திகைக்க வைத்தவர். இந்த விளையாட்டில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆனால் 1980-ல் சொந்த நாட்டில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் பதக்கம் எதுவும் இல்லை. அதே வருடம் ஸ்வீடனில் உறைந்த ஆற்றின் மேல் நடந்த ஒரு பந்தயத்தில், ஒருவர் இந்த மாரத்தான் ஸ்கேட் அடியில் போவதைப் பார்த்தார். தோற்றுப்போன நேரத்தில் கண்ணில் பட்டதாலோ என்னவோ, அது மனதில் தைத்துவிட்டது.

திரும்பி வந்து அதையே பழகினார். 1981-82 பருவம்தான் அதிகாரபூர்வமான முதல் உலகக் கோப்பைப் பருவம். மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பிடித்தவர் நார்வேக்காரரும் இல்லை, ரஷ்யரும் இல்லை, வெர்மான்ட்டின் பில் கோக். 1982-ல் ஆஸ்லோ உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் சேர்ந்தது.

நார்டிக் நாடுகளில் கொதிப்பு ஆரம்பமானது. "இது ஸ்கீயே இல்லை" என்ற குரல்கள் கேட்டன. பந்தய முடிவுக்கு அருகே ஸ்கேட்டிங் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஆனால் வெள்ளத்துக்கு முறத்தால் அணை போட முடியுமா?

1984 சரயேவோ ஒலிம்பிக் இரண்டு காலங்களுக்கும் நடுவில் நடந்தது. ஃபின்லாந்தின் மரியா-லீசா ஹமலைனன் பெண்களுக்கான 5, 10, 20 கி.மீ. மூன்று தனிநபர் தங்கங்களையும் பழைய அடியிலேயே அள்ளினார். ஆண்கள் 50 கி.மீ. போட்டியில் தாமஸ் வாஸ்பெர்க், குண்டே ஸ்வான் என்று இரண்டு ஸ்வீடன்காரர்களும் 5 நொடிகூட வித்தியாசம் இல்லாமல் முதலிரண்டு இடங்களைப் பிடித்தார்கள்.

ஒரே வருடம்தான். 1985-ல் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் படம் தலைகீழ். ஒட்டும் மெழுகே போடாமல் வந்து, பள்ளக்கோட்டை விட்டே வெளியேறி, இரண்டு கால்களாலும் 'வி' போட்டுத் தள்ளினார்கள். 30, 50 இரண்டிலும் தங்கம் ஸ்வானுக்கு. (பெயரில்தான் குண்டு, ஆள் ஒல்லியான நெட்டை.) அந்தக் காலத்தில் அவர் இரண்டு கோலுக்குப் பதிலாக ஒரே நீளக் கோலைப் பிடித்து, படகு தள்ளுகிற மாதிரி போக முடியுமா என்றுகூடச் சோதித்துப் பார்த்தார். பிறகு கண்டிப்பாக இரண்டு கோல் வேண்டும் என்று விதி எழுத வேண்டியதாயிற்று!

*

இந்த இடத்தில் படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். ஸ்கேட்டிங்கை எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் பயம் வேறு. ஸ்கேட்டிங்குக்கு அகலமான, இயந்திரம் அழுத்திய பாதை வேண்டும். காட்டுக்குள்ளே போகும் ஒற்றையடிப் பாதைகளில் அது நடக்காது. பழைய பள்ளக்கோட்டின் மேல் ஸ்கேட் பண்ணினால் கோடு அழிந்துவிடும், பின்னால் வருகிறவர் பழைய முறையில் போகவும் முடியாது. வேகம் மட்டும்தான் அளவுகோல் என்றால், இரண்டே பருவத்தில் தாத்தா காலத்து அடி செத்துப்போகும். தோற்பது பற்றிய பயம் இல்லை அது. தங்கள் பிள்ளைகளுக்கு அந்த அடி தெரியாமலே போய்விடுமோ என்ற பயம்.

இது நமக்குப் புரியாதா என்ன? ஸ்கூலில், பஸ்ஸில், விளையாட்டில் எல்லாம் இந்தியே வேகமாக ஓடுகிற ஊரில் பிள்ளை வளர்க்கிறோம். என் பெண்ணுக்குக் கோபம் வந்தால் இந்தியில்தான் வருகிறது. தமிழில் வார்த்தை தேடி நிற்க நேரமில்லை அவளுக்கு. அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளும் அந்த நார்வேக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு கடைசியில் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. புதியதைத் தடை செய்யவில்லை, பழையதைக் கைவிடவும் இல்லை. பந்தயங்களையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். 'கிளாசிக்' பந்தயத்தில் பழைய அடி மட்டும். 'ஃப்ரீஸ்டைல்' பந்தயத்தில் எப்படி வேண்டுமானாலும், அதாவது ஸ்கேட்டிங். 1985-86 உலகக் கோப்பையில் இது தொடங்கியது. 1987-ல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் முதல் முறையாக உலகச் சாம்பியன்ஷிப் இரண்டு முறைகளிலும் நடந்தது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் மொத்தம் எட்டுப் போட்டிகள். நாலு கிளாசிக், நாலு ஃப்ரீஸ்டைல். அங்கே 50 கி.மீ. ஃப்ரீஸ்டைல் தங்கம் நம்ம ஸ்வானுக்கே. ஸ்கீயோடு துப்பாக்கி சுடும் பயத்லானில் இந்தப் பஞ்சாயத்தே நடக்கவில்லை. அவர்கள் எண்பதுகளின் நடுவிலேயே முழுக்க ஸ்கேட்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

வேலி போட்டதால்தான் கிளாசிக் பிழைத்தது. வேலிக்கு இன்னமும் காவல் வேண்டியிருக்கிறது. 2010-களில் ஆட்கள் கால் உதையை விட்டுவிட்டு, வெறும் கைகளாலேயே கோலை ஊன்றி முழு கிளாசிக் பந்தயத்தையும் முடிக்க ஆரம்பித்தார்கள். உடனே 2016-17 பருவத்திலிருந்து கிளாசிக் கோலின் நீளம் ஆளின் உயரத்தில் 83 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. எங்கள் வீட்டிலும் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தமிழ் மட்டும் என்று ஒரு விதி உண்டு. மீறுகிறவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். இதுவரை அதிகம் தேய்த்தது நான்தான் :-)

*

சரி, பெண்ணின் கேள்விக்கு வருவோம். நிறைய மிதிப்பவர் ஏன் பின்னால் போகிறார்?

விதிச் சண்டை முடிந்ததும் நிஜமான வேலை ஆரம்பித்தது. ஸ்கேட்டிங் அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஆனால் கையும் காலும் எந்த நேரத்தில் சேர வேண்டும்? இதைக் கண்டுபிடிப்பதில்தான் அடுத்த வருடங்கள் போயின. இன்று கார் கியர் மாதிரி பல அடிகள் இருக்கின்றன. முக்கியமான மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வி-ஒன். மேடு ஏற. இரண்டு கோலும் ஒரு ஸ்கீயும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பனியில் இறங்கும், அடுத்த ஸ்கீ தனியாக இறங்கும். மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று. நொண்டுகிற மாதிரி ஒரு தாளம்.

இரண்டாவது, வி-டூ. ஒவ்வொரு காலுக்கும் ஒரு முறை கோல் ஊன்ற வேண்டும். ஒரு ஸ்கீயின் மேல் முழு உடம்பும் வழுக்கிக்கொண்டு போகும்போதே முதலில் கோல் இறங்கும், பிறகுதான் கால் தள்ளும். முதலில் கை, பிறகு கால். இரண்டையும் ஒரே சமயத்தில் தள்ளினால் அந்த அடி செத்தது.

மூன்றாவது, வி-டூ ஆல்டர்னேட். நல்ல வேகம் இருக்கும்போது இரண்டு கால் தள்ளலுக்கு ஒரு முறை மட்டும் கோல். கைகள் முன்னால் வீசி வரும்போது மறு கால் தள்ளிக்கொண்டிருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான ரகசியம் ஒன்றுதான். எடை முழுவதும் ஒரு காலுக்கு மாற வேண்டும். மூக்கு, முட்டி, கால் பெருவிரல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அந்த ஒரு ஸ்கீயின் மேல் வந்தாக வேண்டும். அப்போதுதான் ஸ்கீ தட்டையாகப் படுத்து வழுக்கும். வழுக்கல் தீர்கிற சமயத்தில் விளிம்பைச் சாய்த்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பை நடுவிலேயே வைத்துக்கொள்வார்கள். எடை எந்தக் காலுக்கும் முழுசாகப் போகாது. ஸ்கீ இறங்கும்போதே உள்விளிம்பில் சாய்ந்து பனியைச் சுரண்டும். வழுக்கல் இல்லாததால் உடனே அடுத்த காலைப் போட வேண்டும், அதுவும் சுரண்டும், உடனே அடுத்தது. மூச்சு வாங்கும், தூரம் போகாது. சிலர் பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் தள்ளாமல் பின்பக்கம் உதைக்கவும் செய்வார்கள். பிடிமானம் இல்லாத இடத்தில் உதைத்து என்ன பயன்?

அதனால்தான் பயிற்சியாளர்கள் முதலில் கோலைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். கோல் இல்லாமல், ஒரு காலில் எவ்வளவு தூரம் நிம்மதியாக வழுக்க முடிகிறது என்று பார். அது வந்த பிறகு கை. வேகம் கூடக் கூட 'வி' குறுகும், வழுக்கல் நீளும். மேட்டில் 'வி' அகலும், அடி குறுகும். நேரத்தைக் கால் சொல்லும், மனசு அவசரப்படுத்தக் கூடாது.

நம்ம ஊரில் ஒன்றை அடம்பிடித்துக் கேட்டால் "ஒத்தைக் கால்ல நிக்கிறான்" என்று சொல்வோம் இல்லையா? அந்த வசனத்தை இவ்வளவு பொருத்தமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் லடாக்கின் தாஷி லுண்டுப் 15 கி.மீ. ஃப்ரீஸ்டைலில் ஓடினார். 2018 பியோங்சாங்கில் அதே போட்டியில் ஜகதீஷ் சிங் ஓடி 103-வதாக வந்தார். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யாவுக்கும் அவருக்கும் 9 நிமிடத்துக்கு மேல் இடைவெளி. எனக்கு அந்த 9 நிமிடம் கேலியாகத் தெரியவில்லை. குழந்தையிலிருந்து வீட்டு வாசலிலேயே பாதை இருக்கிறவனுக்கும், பனியைத் தேடி குல்மார்குக்கும் அவுலிக்கும் போகிறவனுக்கும் நடுவில் உள்ள தூரம் அது. நம் பக்கத்துப் பெருமை ஒன்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த பவானி, காபித் தோட்டங்களின் ஊரில் பிறந்தவர், 2023-ல் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஸ்கீ ஓட்டினார்.

அதே 2018 பியோங்சாங்கில் இன்னொரு கணக்கும் தீர்ந்தது. பில் கோக்கின் வெள்ளிக்குப் பிறகு 42 வருடம் அமெரிக்காவுக்குக் கிராஸ் கன்ட்ரியில் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. பெண்கள் டீம் ஸ்பிரின்ட், ஃப்ரீஸ்டைல். கிக்கன் ராண்டலும் ஜெஸ்ஸி டிக்கின்ஸும் ஜோடி. கடைசி நேர்ப்பாதையில் டிக்கின்ஸ் ஸ்வீடனின் ஸ்டீனா நில்சனை எட்டிப் பிடித்து 0.19 நொடியில் தங்கம். கோக் ஸ்வீடனின் ஆற்றின் மேல் பார்த்துக் கற்றுக்கொண்ட அடி, ஸ்வீடனையே முந்தியது.

அந்தக் கடைசி நூறு மீட்டரைப் பெண்ணோடு உட்கார்ந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நாலாவது தடவை அவளே கண்டுபிடித்தாள். "அப்பா, அந்த அக்கா அவசரமே படல பாருங்க. ஒவ்வொரு காலுக்கும் டைம் குடுக்கறாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை மூடுபனி கொஞ்சம் குறைவு. சிமெண்ட் தளத்தின் ஒரு நீளத்துக்கு அவள் எத்தனை தடவை தள்ளுகிறாள் என்று எண்ணினேன். டிசம்பரில் 41. இப்போது 28. இன்னும் கடைசியிலிருந்து மூன்றாவதாகத்தான் வருகிறாள். ஆனால் நடுவில் ஒரு இடத்தில், வலது காலில் கொக்கு மாதிரி நின்றபடி, கையை விரித்துக்கொண்டு வழுக்கி வந்தாள். கோச் கத்தவில்லை. நான் டீயைக் குடிக்க மறந்துவிட்டேன்.

பக்கத்தில் வந்து நின்றதும் மூச்சு வாங்கச் சொன்னாள்: "அப்பா, நின்னேன்."

தமிழில்தான் சொன்னாள்.